பேய் எப்போது வர வேண்டும்? இளையோர் மர்மக்கதை: கேள்வி–பதில்

கோடை விடுமுறையில் கதை எழுத உட்கார்ந்த பள்ளி, கல்லூரி வாசகர்கள் கேட்ட கேள்விகள் இவை. சில கேள்விகள் எழுதுவது பற்றி, சில பேயைப் பற்றியே.

நான் எழுதிய பேய்க்கதையை வகுப்பில் வாசித்தேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். முதல் பக்கத்திலேயே பேய் வருகிறது, கடைசி வரை துரத்துகிறது. எங்கே தப்பு?
– பத்தாம் வகுப்பு மாணவர், திண்டுக்கல்

முதல் பக்கத்தில். பேயைப் பார்த்துவிட்ட வாசகர் அதை அளந்துவிடுவார். இவ்வளவு உயரம், இப்படிப் பல், இப்படி ஓட்டம், சரி, அவ்வளவுதானே என்று. அதற்குப் பிறகு நீங்கள் எழுதுவது ஓட்டப்பந்தயம்.

1,200 சொல் கதை என்று வைத்துக்கொள்வோம். முதல் 300 சொல்லில் பேய்ப் பேச்சே வேண்டாம். வீட்டின் வழக்கத்தை மட்டும் எழுதுங்கள்: யார் எத்தனை மணிக்குப் படுப்பார்கள், எந்தக் கதவு தரையில் உரசும், மோட்டாரை யார் போடுவார்கள். அடுத்த 500 சொல்லில் அந்த வழக்கம் மூன்று முறை பிசக வேண்டும். முதல் பிசகுக்கு எளிதான சமாதானம் இருக்கட்டும். இரண்டாவதற்குக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துச் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும். மூன்றாவதற்கு ஒன்றுமே சொல்ல முடியக்கூடாது. உருவம் வந்தே தீர வேண்டும் என்றால் மீதி 400-ல் வரட்டும், அதுவும் இரண்டு வாக்கியத்துக்கு மேல் நிற்காமல்.

ஒரு மாதிரி. பாட்டி தினமும் படுக்கும் முன் குடத்தைத் தட்டால் மூடி, தட்டின் மேல் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைப்பார். ஒரு நாள் காலையில் டம்ளர் நிமிர்ந்திருக்கிறது. யாரோ ராத்திரி தண்ணீர் குடித்திருப்பார்கள். மறுநாளும் நிமிர்ந்திருக்கிறது, அடியில் ஒரு விரற்கடை தண்ணீர். வீட்டில் எல்லாரும் ‘நான் எழுந்திருக்கவே இல்லை’ என்கிறார்கள். மூன்றாம் நாள் எல்லாரும் ஊருக்குப் போயாயிற்று, பையன் மட்டும் இருக்கிறான். டம்ளரை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுக்கிறான். ஒரு மணி சுமாருக்குப் பீரோவுக்குள், இரும்புத் தட்டின் மேல், டம்ளர் மெல்ல நகருகிற சத்தம்.

பேய் என்ற சொல் இதில் எங்கும் இல்லை. ‘பயங்கரமான’, ‘அமானுஷ்யமான’, ‘திகிலூட்டும்’ எதுவும் இல்லை. உங்கள் கதையில் இந்த மூன்றையும் தேடி அடித்துவிட்டு மறுபடி வாசியுங்கள். ‘திடீரென்று’ எத்தனை முறை வருகிறது என்றும் எண்ணுங்கள். ஏதோ வரப்போகிறது என்று முன்கூட்டியே மணியடித்து, திடுக்கிடலைக் கெடுப்பதே அந்தச் சொல்தான்.

வெள்ளைப் புடவை, மல்லிகைப் பூ, கொலுசுச் சத்தம் மூன்றும் பழசாகிவிட்டது என்கிறார்கள். அவை இல்லாமல் தமிழ்ப் பேய் எப்படி?
– பிளஸ் ஒன் மாணவி, தென்காசி

அந்த மூன்றும் பேய்க்குச் சினிமா தைத்துக் கொடுத்த யூனிஃபார்ம். அதற்கு வெகுகாலம் முன்பே தமிழில் பேய் இருந்தது, பார்க்க இன்னும் சுவாரசியமாக இருந்தது. காரைக்கால் அம்மையார் தம்மையே ‘காரைக்காற் பேய்’ என்று சொல்லிக்கொண்டவர். திருவாலங்காட்டுச் சுடலையில் உலவும் பெண்பேயை அவர் பாடும் இடத்தில் புடைத்த நரம்பு, குழிந்த கண், ஒட்டிய வயிறு, செம்பட்டைத் தலை, நீண்ட இரண்டு பற்கள் எல்லாம் வருகின்றன. அதோடு விடவில்லை. ‘பரடுயர் நீள்கணைக்கால்’ என்கிறார். பரடு என்பது கணுக்கால் எலும்பு. சதை வற்றியதால் அந்த எலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. பேயின் கணுக்காலைக் கவனித்த கண் அது. எழுதுகிறவருக்கு வேண்டியதும் அதுதான்.

கலிங்கத்துப்பரணியில் பேய்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. பசியை ஊற்றி வைக்கும் பாத்திரங்கள் என்றும், நாளுக்கு நாள் மெலிகிறவை என்றும், கரிய பனங்காடு முழுக்கக் கையும் காலும் முளைத்தது போன்றவை என்றும் ஜெயங்கொண்டார் அவற்றைச் சொல்கிறார். போர் முடிந்ததும் அவை களத்திலேயே கூழ் காய்ச்சிப் பந்தி வைத்துப் பரிமாறிக்கொள்கின்றன. பயமும் சிரிப்பும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கும் இடம். பசி என்ற ஒரே குணத்தை வைத்துக்கொண்டு இவ்வளவும் செய்திருக்கிறார். உங்கள் பேய்க்கும் ஒரே ஒரு குணம் கொடுங்கள். அது எப்போதும் எதையோ எண்ணிக்கொண்டிருக்கலாம். தன் பெயரை மட்டும் மறந்துபோயிருக்கலாம். புடவை நிறத்தை வாசகரே போட்டுக்கொள்வார்.

புளியமரத்தடியில் ராத்திரி படுத்தால் பேய் அடிக்கும் என்பது, மரம் கரியமில வாயு விடுவதால்தான் என்று எங்கள் அறிவியல் மன்றத்தில் சொன்னார்கள். கதையில் அதை விளக்கமாக வைக்கலாமா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவர், அரியலூர்

வைக்க வேண்டாம், அது சரியில்லை. மரங்கள் இரவில் கரியமில வாயு விடுவது உண்மை. ஆனால் திறந்த வெளியில் அது உடனே காற்றோடு கலந்துவிடும், மூச்சு முட்டும் அளவுக்குத் தேங்காது. மரம்தான் காரணம் என்றால், மூடிய அறையில் பக்கத்தில் படுத்திருக்கும் அண்ணனுக்கு நீங்கள் அதைவிட அதிகமாகப் பயப்பட வேண்டும். மூடநம்பிக்கையைத் தவறான அறிவியலால் விளக்கும் கதையில் இரண்டு பிழை.

பேய்தானே, அது என்ன வேண்டுமானாலும் செய்யலாமே? லாஜிக் எதற்கு?
– பதினோராம் வகுப்பு மாணவர், சேலம்

எல்லாம் செய்ய முடிந்த பேயிடம் கதாநாயகன் மாட்டினால் முதல் வரியிலேயே கதை முடிந்தது. முடிக்காமல் இழுக்கிறீர்கள் என்றால், பேய் ஏன் சும்மா இருக்கிறது என்று வாசகர் கேட்பார். அதனால் எழுத ஆரம்பிக்கும் முன் ஒரு தாளில் மூன்று விடை எழுதிக்கொள்ளுங்கள். அது எங்கே மட்டும் வரும்? அதற்கு என்ன வேண்டும்? அதனால் எது முடியாது? மூன்றாவதுதான் முக்கியம். கதை மொத்தமும் அதன் மேல்தான் நிற்கும்.

விக்கிரமாதித்தன் கதையை எடுங்கள். வேதாளத்தைச் சுமந்து வரும் வழியில் ராஜா வாயைத் திறந்தால் அது மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். விடை தெரிந்தும் பேசாமலிருந்தால் தலை வெடிக்கும். இந்த இரண்டே விதியில் 25 கதைகள் ஓடுகின்றன. இன்றைக்கும் பேச்சில் வேதாளம் முருங்கை மரம் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

இதைவிடக் கொடூரமான கட்டுமானம் பழையனூர் நீலி கதையில் உண்டு. ஒரு வணிகனைப் பழி வாங்க வருகிறது நீலி என்ற பேய். அவன் கையில் ஒரு கத்தி. அது இருக்கும்வரை நீலியால் அவனைத் தொட முடியாது. அவள் என்ன செய்கிறாள்? கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ‘இவர் என் புருஷன், என்னை விட்டுவிட்டு ஓடுகிறார்’ என்று ஊர் வேளாளர் எழுபது பேர் முன்னால் அழுகிறாள். அவர்கள் நல்லவர்கள். அவன் உயிருக்குத் தாங்கள் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்து, கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு, இருவரையும் சேர்த்து அனுப்புகிறார்கள். காலையில் அவன் பிணம். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

இங்கே பேயின் பலத்தால் யாரும் சாகவில்லை. கத்தியை வாங்கியது மனிதர்களின் நியாய உணர்ச்சி. ‘நீலிக் கண்ணீர்’ என்று இன்றும் சொல்கிறோமே, அந்த அழுகைதான் கதையின் திருப்பம். அந்தக் கத்திக்குச் சமமாக உங்கள் கதையில் ஒரு பொருளை வையுங்கள், முதல் பாதியிலேயே காட்டிவிடுங்கள். கடைசிப் பக்கத்தில் அவசரத்துக்குக் கண்டுபிடித்த தாயத்து எடுபடாது.

செல்போன் இருக்கும் காலத்தில் யாரையும் தனியாக மாட்டிவிட முடியவில்லை. சிக்னல் இல்லை, சார்ஜ் இல்லை என்று எழுதினால் சலிக்கிறது.
– கல்லூரி முதலாமாண்டு மாணவி, கோவை

சிக்னலை வெட்டாதீர்கள். போன் நன்றாக வேலை செய்யட்டும், தொல்லை அதிலிருந்தே வரட்டும். ஹாஸ்டலில் நான்கு பேர் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் உறுப்பினர் ஐந்து என்று காட்டுகிறது. அம்மாவிடமிருந்து வந்த வாய்ஸ் மெசேஜில், அம்மா பேசி முடித்த பிறகும் ஆறு விநாடி ஓடுகிறது, அந்த ஆறு விநாடியில் உங்கள் அறை மின்விசிறியின் சத்தம் கேட்கிறது. போன் மூலம் உதவிக்கு ஆள் வரட்டும். வந்தவர் யார் என்பதில் சந்தேகம் இருக்கட்டும். பாழடைந்த ஜமீன் பங்களாவை நீங்கள் நேரில் பார்த்திருக்கவே மாட்டீர்கள். ஹாஸ்டல் தண்ணீர்த் தொட்டி, லேப் பின்கதவு, லிஃப்ட் இவையெல்லாம் உங்களுக்கு மூலைமுடுக்கு வரை தெரியும். தெரிந்த இடத்தில் எழுதுங்கள்.

தூக்கத்தில் முழிப்பு வருகிறது, கை கால் அசையவில்லை, நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். பாட்டி ‘அமுக்குவான் பேய்’ என்கிறார். இது கதைக்காகக் கேட்கவில்லை, எனக்கே வருகிறது.
– பிளஸ் டூ மாணவி, நாகர்கோவில்

கதையை ஒதுக்கி வைத்துவிட்டுச் சொல்கிறோம்: இதற்குத் தூக்க முடக்கம் என்று பெயர், நிறையப் பேருக்கு வருவது. கனவு காணும் தூக்கக் கட்டத்தில், கனவில் ஓடுகிறபடி நிஜத்திலும் ஓடிவிடாமலிருக்க மூளை உடம்பின் தசைகளைப் பெரும்பாலும் அணைத்து வைக்கிறது. கண்ணும் மூச்சுத் தசையும் விதிவிலக்கு. சில நேரம் விழிப்பு முந்திக்கொள்கிறது, தசைகள் இன்னும் அணைந்தே இருக்கின்றன, கனவும் முழுக்கக் கலையவில்லை. ஆழமாக மூச்சிழுக்க நினைத்தால் நெஞ்சு ஒத்துழைக்காது, அதை மூளை ‘பாரம்’ என்று எடுத்துக்கொள்கிறது. அறையில் ஆள் நிற்பதாகத் தோன்றுவது மிச்சக் கனவு. சில விநாடிகளிலிருந்து ஓரிரு நிமிடத்துக்குள் தானே விடும்.

தூக்கம் கெட்டால் அதிகம் வரும். பரீட்சைக்கு இரண்டு மணி வரை விழித்துவிட்டு மல்லாந்து படுப்பவருக்கு அதிக வாய்ப்பு. ஒருக்களித்துப் படுங்கள், தினமும் ஒரே நேரத்தில் படுங்கள். வரும்போது மொத்த உடம்பையும் உலுக்க முயலாமல் கால் பெருவிரல் ஒன்றை மட்டும் அசைக்கப் பாருங்கள். வாரத்தில் பல முறை வந்தாலும், பகலில் அடக்க முடியாத தூக்கம் சேர்ந்து வந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். பாட்டியிடம் சண்டை போட வேண்டாம். அவர் சொல்லும் அனுபவம் நிஜம், காரணம்தான் வேறு.

கடைசியில் ‘எல்லாம் கனவு’ அல்லது ‘வாட்ச்மேன்தான் பேய் வேஷம் போட்டார்’ என்று முடித்தால் திட்டுகிறார்கள். அறிவியல் விளக்கத்தோடு முடிக்க வேறு வழி?
– பத்தாம் வகுப்பு மாணவி, புதுச்சேரி

விளக்கம், மர்மத்தைவிடச் சின்னதாக இருந்தால் ஏமாற்றம்தான். விளக்கமே வேறொரு பயத்தைக் கொண்டுவர வேண்டும். நிஜத்தில் நடந்த இரண்டைத் தருகிறோம்.

அமெரிக்கக் கண் மருத்துவர் வில்லியம் வில்மர் 1921-ல் ஒரு குடும்பத்தின் அனுபவத்தை மருத்துவ இதழில் வெளியிட்டார். பழைய பெரிய வீட்டுக்குக் குடிபோனார்கள். காலடிச் சத்தம், யாரோ கவனிக்கும் உணர்வு, தலைவலி, பிள்ளைகள் வெளிறிப்போனது, வீட்டுக்குள் வளர்த்த செடிகள் பட்டுப்போனது. காரணம், வீட்டைச் சூடாக்கும் உலை. பழுதான அந்த உலையிலிருந்து கார்பன் மோனாக்சைடு அறைகளுக்குள் கசிந்திருந்தது. நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயு. இங்கே விளக்கம் பேயைவிட மோசமானது. பேய் என்றால் பயம் மட்டும், இது ஒரே ராத்திரியில் எல்லாரையும் முடித்துவிடும். நம் ஊரில் இதற்கு இடம் தேட வேண்டியதில்லை: மலை ஊர்களில் குளிருக்காக மூடிய அறையில் கரி அடுப்பை வைத்துப் படுப்பது, ஜன்னலில்லாத குளியலறையில் கேஸ் கீசர். இரண்டும் நிஜமாகவே ஆளைக் கொல்பவை, கதைக்கு வெளியிலும் செய்யாதீர்கள்.

இன்னொன்று இங்கிலாந்தில். விக் டாண்டி என்ற பொறியாளர் ஆய்வகத்தில் இரவு தனியாக இருக்கும்போது உடல் சில்லிட்டு, கண்ணோரத்தில் சாம்பல் உருவம் தெரிந்தது. மறுநாள் வாள்வீச்சுப் போட்டிக்கான வாளை வைஸில் (பொருளை இறுக்கிப் பிடிக்கும் பட்டறைக் கருவி) இறுக்கி வைத்திருந்தார். யாரும் தொடாமல் அதன் நுனி அதிர்ந்தது. தேடிப் பார்த்ததில், புதிதாகப் பொருத்திய காற்று வெளியேற்றும் விசிறி சுமார் 19 ஹெர்ட்ஸ் அதிர்வை எழுப்பியது தெரிந்தது. நம் காதுக்கு எட்டும் கீழ் எல்லை சுமார் 20. 1998-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். அந்த அதிர்வுதான் உருவத்தையும் காட்டியது என்பதில் விவாதம் இன்னும் முடியவில்லை. கதைக்கு வேண்டியது, தானே நடுங்கும் அந்த வாள் நுனி.

எப்படி வைப்பது? விளக்கத்துக்கான தடயம் மூன்று இடத்தில் வர வேண்டும், மூன்றும் வேறு வேலை பார்ப்பது போல் தெரிய வேண்டும். கார்பன் மோனாக்சைடு கதை என்றால், முதல் பக்கத்தில் அம்மா ரோஜாத் தொட்டியைக் கூடத்துக்குள் கொண்டுவருகிறார், குளிர் ஆகாதாம். நடுவில் தங்கைக்குத் தலைவலி, காலையில் வெளியே போனதும் சரியாகிவிடுகிறது. அப்புறம் அப்பா, ஜன்னல் இடுக்கில் செய்தித்தாளை மடித்துச் செருகுகிறார். பெரும்பாலான கதைகள் கெடுவது மூன்றையும் கடைசிப் பக்கத்தில் அவசரமாகச் சொல்வதால். ஒரு பாத்திரம் நின்று இரண்டு பத்தி விரிவுரை ஆற்றினாலும் கெட்டது. பட்டுப்போன ரோஜாவைப் பார்த்துவிட்டு யாராவது ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தால் போதும், வாசகருக்குப் புரிந்துவிடும்.

தகவல் சேகரிக்க ‘பேய் வீடு’ என்று சொல்லப்படும் இடத்துக்கு நண்பர்களோடு ராத்திரி போகலாமா?
– பிளஸ் ஒன் மாணவர், வேலூர்

கூடாது. அங்கே பேய் இருக்குமோ இல்லையோ, கைப்பிடிச் சுவரில்லாத கிணறும் இற்றுப்போன மாடிப்படியும் இருக்கும். கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு, அது கடித்தது பல நேரம் வலிக்கவே வலிக்காது. அடுத்தவர் இடத்தில் அனுமதியில்லாமல் நுழைவதும் குற்றம். பகலில், வெளியே நின்று, கட்டடத்தை மட்டும் பாருங்கள்.

இரவுச் சத்தம் கேட்க உங்கள் வீட்டு மொட்டைமாடியே போதும். ஓட்டுக்கூரை மேல் ‘யாரோ நடப்பது’ பெரும்பாலும் மரநாய். பகலில் விரிந்த தகரக் கூரை ராத்திரி ஆறிச் சுருங்கும்போது டப் டப்பென்று தட்டும். கூகை, மற்ற ஆந்தைகளைப் போல அலறாமல் சீறும், கிறீச்சிடும். வெள்ளை முகம், சத்தமில்லாத சிறகு, கோபுரத்திலும் பழைய கட்டடத்திலும் குடியிருப்பு. ‘சாக்குருவி’ என்ற கெட்ட பெயர் அதற்கு வந்ததில் ஆச்சரியமில்லை. பாவம், அது எலி பிடித்து நமக்கு நல்லது செய்கிறது. டார்ச்சை நெற்றிக்குப் பக்கத்தில் பிடித்துத் தோட்டத்தைப் பாருங்கள், விலங்குகளின் கண் ஒளிரும். இடுப்பளவில் பிடித்தால் அவ்வளவாகத் தெரியாது. ‘இருட்டில் இரண்டு கண்கள் எரிந்தன’ என்று எழுதும்போது கதாபாத்திரம் டார்ச்சை எங்கே பிடித்திருக்கிறது என்று யோசியுங்கள்.

எங்கள் வயது வாசகர்களுக்கு எழுதும்போது எதைத் தவிர்க்க வேண்டும்?
– கல்லூரி இரண்டாமாண்டு மாணவர், மதுரை

ரத்தத்தை அல்ல. தற்கொலை செய்துகொண்டவர் ஆவியாக வருவது நம் கதைகளில் சகஜம். வந்தால் வரட்டும், எப்படிச் செய்துகொண்டார் என்ற முறையை எழுதாதீர்கள், செத்த பிறகுதான் நியாயம் கிடைத்தது என்றும் எழுதாதீர்கள். பேய்கள் முக்கால்வாசி ஏமாற்றப்பட்ட பெண்களாகவே இருக்கிறார்கள். ஏமாற்றியவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் அவளை மட்டும் விரட்டும் கதை அநியாயம். கறுப்பு நிறம், மாறுகண், தீக்காயத் தழும்பு இவற்றை வைத்துப் பயமுறுத்துவது சோம்பேறித்தனம்.

‘பேய் பிடித்தவரை’ச் சங்கிலியில் கட்டி அடித்துக் குணமாக்கும் காட்சி வேண்டவே வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் நோயாளிகள் கருகினார்கள். இறந்தவர்கள் 28 பேர். அது கதை அல்ல.

பயத்திலேயே உயிர் போகும் என்று எழுதினால் நம்புவார்களா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்

மணிமேகலையில் இருக்கிறது. சார்ங்கலன் என்ற சிறுவன் தனியாகச் சுடுகாட்டுக்குள் போய்விடுகிறான். அங்கே பிணத்தின் தலையை ஏந்திக்கொண்டு ஒரு பேய்மகள் ஆடுவதைப் பார்த்து, ஓடிவந்து தாய் கோதமையிடம் சொல்லி, அங்கேயே உயிர் விடுகிறான். பேய் கொன்றுவிட்டதே என்று கோதமை சம்பாபதித் தெய்வத்திடம் முறையிடுகிறாள். தெய்வத்தின் பதில், ‘அணங்கும் பேயும் ஆருயிர் உண்ணா’. பேய் உயிரைத் தின்னாது, அவன் பேதைமையைப் பற்றிக்கொண்டு ஊழ்வினைதான் கொண்டுபோனது என்கிறது. பேய் இருக்கும் உலகத்திலேயே, பேய்மேல் பழி போடாத பதில். மருத்துவத்திலும், கடும் அதிர்ச்சியில் சுரக்கும் அட்ரினலின் இதயத் துடிப்பைக் குலைத்து அபூர்வமாக உயிர் போவதுண்டு. ஆனால் ஒரு கதைக்கு ஒரு முறைதான் இது செல்லும், கதாநாயகனுக்கு வேண்டாம்.

பள்ளி முகாமில் இரவு கதை வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். எப்படி வாசித்தால் பயப்படுவார்கள்?
– பத்தாம் வகுப்பு மாணவர், ஈரோடு

பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், சுமார் 1,000 சொல். குரலை நடுக்காதீர்கள், பஸ் நேரம் சொல்கிற குரலில் வாசியுங்கள். பயமான இடம் நெருங்க நெருங்கச் சத்தத்தைக் கூட்டுவது எல்லாரும் செய்வது. நீங்கள் குறையுங்கள், பின்வரிசை முன்னால் சாயும். விளக்கைச் சுத்தமாக அணைத்தால் யாராவது சிரிப்பார்கள், ஒரே ஒரு விளக்கு உங்களுக்குப் பின்னால் எரியட்டும், உங்கள் முகம் தெரியாது. ‘ஊ’ என்று கத்த ஆள் ஏற்பாடு செய்யாதீர்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் முன்பே கேட்டு, வேண்டாம் என்பவர்களை வேறு அறைக்கு அனுப்புங்கள். கடைசி வரி முடிந்ததும் ‘நன்றி’ சொல்லாமல் தாளை மடித்துவிட்டு மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள், அப்புறம் விளக்கைப் போடுங்கள்.